சீருடை மாறிய படை: தென் சூடான் தேசியக் காவல்துறை உருவான விதமும் விளைவுகளும்

2025 ஜனவரியில் தென் சூடானின் தலைநகர் ஜூபாவில் கலவரம் மூண்டது. அண்டை நாடான சூடானில் வாத் மதனி நகரை அந்நாட்டு ராணுவம் மீட்டபோது அங்கிருந்த தென் சூடானியர் சிலர் கொல்லப்படும் காணொளிகள் பரவியதும், ஜூபாவில் சூடானிய வணிகர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை ஊரடங்கு என்று அப்போது அறிவித்தவர் தேசியக் காவல்துறையின் தலைவர். அடுத்த இரண்டே மாதங்களில், முதல் துணைக் குடியரசுத் தலைவர் ரிக் மச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அவரது வீட்டுக்குள் நுழைந்தவர்கள் பாதுகாப்புத் துறை அமைச்சரும் தேசியப் பாதுகாப்புப் பணியின் தலைவருமே என்று அவரது கட்சி தெரிவித்தது. காவல்துறையின் பெயர் அதில் அடிபடவே இல்லை.

இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்தவருக்கு ஒரு குழப்பம் எழுவது இயல்பு. அந்த நாட்டில் கைது செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஊரடங்கு அறிவிக்கும் காவல்துறைக்கு மற்ற நாட்களில் என்ன வேலை? இதற்கு விடை காண, அந்தப் படை எந்தத் தேவைக்காக உருவாக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குடிமக்களுக்குப் பாதுகாப்பு தருவதற்காக என்று சட்டம் சொல்கிறது. போரிலிருந்து வெளியேற்றப்பட வேண்டியவர்களுக்கு இடம் தருவதற்காக என்று அதன் வரலாறு சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே இன்றைய சிக்கல்களில் பெரும்பாலானவற்றின் வேர்.

சட்டம் சொல்வது என்ன?

தென் சூடான் 2011 ஜூலை 9 அன்று விடுதலை பெற்றது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த இடைக்கால அரசியலமைப்பு, குற்றங்களைத் தடுத்தல், புலனாய்வு செய்தல், பொது ஒழுங்கைக் காத்தல், மக்களையும் அவர்களது உடைமைகளையும் பாதுகாத்தல் ஆகியவற்றைக் காவல் பணியின் கடமைகளாக வரையறுக்கிறது. அன்றாட நடைமுறைகள் விடுதலைக்கு முன்பே, தன்னாட்சிக் காலத்தில் இயற்றப்பட்ட 2009ஆம் ஆண்டுக் காவல் பணிச் சட்டத்தால் ஆளப்படுகின்றன. படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. தலைமையில் இன்ஸ்பெக்டர் ஜெனரல், மாநிலங்களில் ஆணையர்கள். போக்குவரத்து, குற்றப் புலனாய்வு, குடிவரவு, கடவுச்சீட்டு ஆகியவை இதன் பிரிவுகள்.

இங்கே இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது பின்னர் உதவும்.

1. பரவலாக்கப்பட்ட பணி. அரசியலமைப்பு காவல்துறையை இப்படித்தான் குறிப்பிடுகிறது. நடுவணரசு, மாநிலம், அதற்குக் கீழே உள்ள மாவட்டம் என்று பொறுப்பு பிரிந்து செல்ல வேண்டும் என்பதே இதன் பொருள். ஆனால் மாநிலங்களின் எண்ணிக்கையே நிலையாக இருக்கவில்லை. 10 மாநிலங்கள் 2015இல் 28 ஆயின. 2017இல் 32 ஆயின. 2020இல் மீண்டும் 10 மாநிலங்களும் 3 நிர்வாகப் பகுதிகளும் என்றாயின. ஒவ்வொரு முறை எல்லை மாறியபோதும் ஆணையர்கள், கோப்புகள், ஊதியப் பட்டியல்கள் அனைத்தும் கலைந்து மீண்டும் சேர வேண்டியிருந்தது.

2. சீருடைப் படைகள். ராணுவம் நீங்கலாக, காவல்துறை, சிறைத்துறை, வனவிலங்குப் பாதுகாப்புப் பணி, தீயணைப்புப் படை முதலியவற்றை ஒரே மூச்சில் குறிக்கும் சொல் இது. அமைதி உடன்படிக்கைகளிலும் அரசாணைகளிலும் இச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு படையிலிருந்து ஆட்களை எடுத்து இன்னொன்றில் போடுவது அங்கே ஏன் அவ்வளவு எளிதாகக் கருதப்படுகிறது என்பதை இந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

மூன்று ஊற்றுகளிலிருந்து வந்த ஆட்கள்

சூடான் அரசுக்கும் எஸ்.பி.எல்.ஏ. என்ற விடுதலைப் படைக்கும் இடையே 1983இல் தொடங்கிய போர், 2005 ஜனவரி 9 அன்று கையெழுத்தான முழுமையான அமைதி உடன்படிக்கையோடு முடிந்தது. தென்பகுதிக்குத் தன்னாட்சி கிடைத்தது. அதற்கென ஒரு காவல்துறையும் தேவைப்பட்டது. அதில் சேர்ந்தவர்கள் மூன்று வழிகளில் வந்தார்கள்.

1. போர்க்காலம் முழுவதும் சூடான் அரசின் பிடியில் இருந்த ஜூபா, வாவ், மலக்கால் போன்ற கோட்டை நகரங்களில் கார்த்தூமின் கீழ் பணிபுரிந்த தென்பகுதிக் காவலர்கள். முறையான காவல் பயிற்சி பெற்றிருந்தவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஆனால் எதிரியின் சீருடையை அணிந்தவர்கள் என்ற ஐயம் இவர்கள்மீது நீண்ட காலம் இருந்தது.

2. எஸ்.பி.எல்.ஏ.விலிருந்து மாற்றப்பட்ட போராளிகள். எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் இவர்களே மேலோங்கினார்கள். வயது முதிர்ந்தவர்கள், காயமுற்றவர்கள், எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள் ஆகியோரை ராணுவம் காவல்துறைக்கும் சிறைத்துறைக்கும் அனுப்பியது. போராடியவர்களை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்ப அரசால் இயலவில்லை. அனுப்பினால் துப்பாக்கியோடு வேறொரு தளபதியின் பின்னால் போய்விடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே இவர்களைச் சேர்த்ததை ஒரு தவறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது ஓர் அமைதி ஏற்பாடு. அதற்கான விலையைக் காவல்துறை கொடுத்தது.

3. புதிதாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்கள். 2011 ஜனவரியில் நடக்கவிருந்த விடுதலை வாக்கெடுப்புக்காக, ஜூபாவுக்கு அருகிலுள்ள ரஜாஃப் பயிற்சி மையத்தில் முந்தைய ஆண்டில் சுமார் 6,000 பேருக்குப் பயிற்சி தரப்பட்டது. வாக்கெடுப்பு அமைதியாக முடிந்து, 98 விழுக்காட்டினருக்கும் மேல் தனிநாட்டுக்கு வாக்களித்தார்கள். ஆனால் அந்தப் பயிற்சிக் காலத்தில் கடுமையான அடியும் பாலியல் வன்முறையும் நடந்ததையும், பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது இருவர் இறந்ததையும் ஐ.நா. அதிகாரிகள் வெளிப்படுத்தினார்கள். மனித உரிமை பற்றிய பாடத்தையும் அந்த இளைஞர்கள் அதே மையத்தில்தான் கேட்டார்கள். பாடத்தைவிட நடத்தப்பட்ட விதமே மனத்தில் நிற்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

தலைமையும் ராணுவத்திலிருந்தே வந்தது. எடுத்துக்காட்டாக, 2013இல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக நியமிக்கப்பட்ட பியெங் தெங் குவோல் அதற்கு முன் எஸ்.பி.எல்.ஏ.வின் துணைத் தலைமைத் தளபதிகளில் ஒருவர். அந்தப் பதவியில் இருப்பவர்கள் குடியரசுத் தலைவர் சல்வா கீரின் ஆணைப்படி அடிக்கடி மாற்றப்படுகிறார்கள். அந்த ஆணைகள் அரசுத் தொலைக்காட்சியில் வாசிக்கப்படும்போதுதான் பதவியிழந்தவருக்கே செய்தி தெரியவரும் நிலையும் உண்டு.

அரபியில் பயின்ற காவலர், ஆங்கிலத்தில் எழுதிய சட்டம்

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதிகம் கவனிக்காத, ஆனால் அன்றாட நீதியை மிகவும் பாதிக்கும் இடம் இது.

ஆங்கிலேயரும் எகிப்தியரும் சேர்ந்து நடத்திய கூட்டு ஆட்சியின் கீழ் சூடானுக்கு 1899இல் ஒரு தண்டனைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அது இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. நம் ஊர்க் காவல் நிலையங்கள் பழகிய அதே சட்ட மரபு நைல் நதிக்கரையிலும் இருந்தது என்பதால், தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமான கதையன்று. 1983இல் அதிபர் நுமெய்ரி இஸ்லாமியச் சட்டத்தை நாடு முழுவதும் அறிவித்தபோது அந்த மரபு முறிந்தது. காவலர் பயிற்சி, வழக்குக் கோப்பு, நீதிமன்ற விசாரணை எல்லாம் அரபியிலேயே நடந்தன.

2005க்குப் பின் தென்பகுதி திரும்பவும் ஆங்கிலப் பொதுச் சட்ட மரபுக்கு வந்தது. 2008இல் தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டன. விடுதலைக்குப் பின் ஆங்கிலமே அலுவல் மொழி ஆயிற்று. இதன் விளைவாக ஒரே காவல் நிலையத்தில் மூன்று வகை மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அரபியில் வழக்கு எழுதத் தெரிந்து புதிய சட்டத்தைப் படிக்க இயலாதவர் ஒருவர். கென்யாவிலோ உகாண்டாவிலோ அகதியாக வளர்ந்து ஆங்கிலம் கற்று, உள்ளூர் அரபி எழுதத் தெரியாதவர் இன்னொருவர். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர் மூன்றாமவர்; எண்ணிக்கையில் இவர்களே அதிகம். 2008 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் எழுத்தறிவு பெற்றவர்கள் 27 விழுக்காடுதான் என்பதையும், காவல்துறைக்கு வந்த போராளிகள் பள்ளி வயதைக் காட்டில் கழித்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது அங்கும் அரசியலமைப்பு விதி. ஆனால் அந்த விதி உயிர்பெற வேண்டுமென்றால் கைது நேரத்தை எழுதி வைக்கும் ஒருவரும், எழுதியதைப் படிக்கும் ஒரு நீதிபதியும் வேண்டும். பல மாவட்டங்களில் நீதிபதியே இல்லை. எழுத்துப்பூர்வமான வாக்குமூலம் இல்லாத வழக்கு நகராது. நகராத வழக்கின் ஆள் லாக்கப்பிலேயே வாரங்களையும் மாதங்களையும் கழிப்பார். தேடப்படுபவர் கிடைக்காவிட்டால் அவருடைய தந்தையையோ சகோதரரையோ பிடித்து வைக்கும் பழக்கமும், கடனைத் திருப்பித் தராதவரை அடைத்து வைக்கும் பழக்கமும் மனித உரிமை அறிக்கைகளில் தொடர்ந்து பதிவாகியுள்ளன.

மாடுகள் தரும் நீதி

பெரும்பாலான சச்சரவுகள் நீதிமன்றத்துக்கு வருவதே இல்லை. இனக்குழுத் தலைவர்களின் மரபுவழி மன்றங்களில்தான் முடிகின்றன. கொலைக்குக்கூட, கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு மாடுகளை ஈடாகத் தருவது காலங்காலமாக உள்ள வழக்கம். 'தியா' என்று அழைக்கப்படும் இந்த இரத்த ஈட்டை 2008 தண்டனைச் சட்டமும் ஏற்கிறது: இறந்தவரின் நெருங்கிய உறவினர் ஈட்டை ஏற்க முன்வந்தால், மரண தண்டனைக்குப் பதிலாக ஈட்டுடன் பத்து ஆண்டுகளுக்கு மேற்படாத சிறைத் தண்டனையை நீதிமன்றம் விதிக்கலாம்.

இந்த ஏற்பாட்டில் காவலரின் பங்கு வேறுபடுகிறது. குற்றவாளியைப் பிடித்து வைப்பது தண்டனைக்காக மட்டுமல்ல. ஈடு பேசி முடியும்வரை பழிவாங்கலிலிருந்து அவரைக் காப்பதற்காகவும்தான். காவல் நிலையத்துக்குத் தாமாகவே வந்து சரணடைந்து அடைக்கலம் கேட்கும் கொலையாளிகள் இதனால்தான் இருக்கிறார்கள். இந்த முறையைப் பின்தங்கியது என்று ஒதுக்குவது எளிது. ஆனால் வழக்குகளைத் தீர்க்கும் வேறு வழி பல ஊர்களில் இல்லை என்பதே உண்மை. அதே வேளையில் இதன் சுமை பெண்கள்மீது விழுகிறது. பாலியல் வன்முறை வழக்குகளும் மாடுகளாலோ, பாதிக்கப்பட்ட பெண்ணைக் குற்றவாளிக்கே மணமுடித்து வைப்பதாலோ 'தீர்க்கப்படுகின்றன'. மரபுவழி மன்றங்கள் கடுமையான குற்றவழக்குகளைத் தாமாக விசாரிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் சொன்னாலும், வழக்கை முறையான நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய காவலர் அதைத் தலைவரிடம் திருப்பி அனுப்பிவிட்டால் சட்டம் தோற்றுவிடுகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான தனிப்பிரிவுகள் காவல்துறையில் தொடங்கப்பட்டதும், பாலினவழி வன்முறை வழக்குகளுக்காக 2020 டிசம்பரில் ஜூபாவில் தனி நீதிமன்றம் திறக்கப்பட்டதும் இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்பவர்கள்

விடுதலை பெற்ற சிறிது காலத்திலேயே, காவல்துறையின் சம்பளப் பட்டியலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட 'பேய்ப் பெயர்கள்' இருப்பதாக உள்துறை அமைச்சகமே அறிவித்தது. இறந்தவர்கள், பணியில் இல்லாதவர்கள், ஒருபோதும் இருந்திராதவர்கள் ஆகியோர் பெயரில் வரும் பணத்தை மேலதிகாரிகள் எடுத்துக்கொள்வதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. தளபதிக்கு ஆட்களின் எண்ணிக்கையே வருமானம் என்ற போர்க்காலக் கணக்கு சீருடை மாறியும் தொடர்ந்ததன் விளைவு இது.

உண்மையாகவே பணியில் இருப்பவரின் நிலையோ வேறு. விடுதலையின்போது அரசின் வருவாயில் 98 விழுக்காடு எண்ணெயிலிருந்து வந்தது. அந்த எண்ணெயோ சூடான் வழியாகச் செல்லும் குழாய்களை நம்பியிருந்தது. கட்டணத் தகராறில் 2012 ஜனவரியில் தென் சூடானே உற்பத்தியை நிறுத்தியது. 2015 டிசம்பரில் நாணய மதிப்பைச் சந்தையின் போக்கில் விட்டதும், ஒரு டாலருக்கு 3 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்த விகிதம் ஒரே நாளில் 18ஐத் தாண்டியது. 2024 பிப்ரவரியில் போர் நடக்கும் சூடானில் முதன்மைக் குழாய் உடைந்தபின் அரசு ஊழியர்களும் படையினரும் ஏறத்தாழ ஓராண்டு சம்பளமின்றி இருந்தார்கள். வந்தபோதும் சாதாரணக் காவலருக்குக் கிடைத்த மாதச் சம்பளம் சில டாலர்களுக்கு மேல் பெறவில்லை. நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடிகளில் சரக்கு லாரிகளிடமும், ஜூபா தெருக்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளிடமும், வெளிநாட்டு வணிகர்களிடமும் பணம் பறிக்கப்படுவதை இதோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். பறிப்பது குற்றம்தான். ஆனால் ஓராண்டு சம்பளம் தராமல் துப்பாக்கியை மட்டும் கொடுத்து ஒருவரைத் தெருவில் நிறுத்துவதும் குற்றத்தில் பங்கு கொள்வதே என்பது என் கருத்து.

குடெலே: நம்பிக்கை முறிந்த இடம்

2013 டிசம்பர் 15 இரவு குடியரசுத் தலைவரின் காவற்படைக்குள் மூண்ட மோதல், டின்கா இனத்தவரான சல்வா கீருக்கும் நுவேர் இனத்தவரான ரிக் மச்சாருக்கும் இடையிலான போராக மாறியது. அடுத்த நாட்களில் ஜூபாவில் நுவேர் ஆண்கள் வீடு வீடாகத் தேடிப் பிடிக்கப்பட்டார்கள். குடெலே பகுதியில் காவல்துறை பயன்படுத்திவந்த ஒரு கட்டடத்தில் நூற்றுக்கணக்கானோர் அடைத்து வைக்கப்பட்டு, ஜன்னல்கள் வழியே சுடப்பட்டு இறந்தார்கள். நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ தலைமையிலான ஆப்பிரிக்க ஒன்றிய விசாரணைக் குழு இதைப் பதிவு செய்து, அதன் அறிக்கை 2015 அக்டோபரில் வெளியானது. குற்றங்களை விசாரிக்க உறுதியளிக்கப்பட்ட, தென் சூடானியரும் பிற ஆப்பிரிக்க நாட்டு நீதிபதிகளும் கலந்த கலப்பு நீதிமன்றம் இன்றுவரை அமைக்கப்படவில்லை.

காவல்துறையைப் பொறுத்தவரை இதன் விளைவு இரண்டு வகையானது. நுவேர் காவலர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், தப்பியோடினார்கள், அல்லது எதிரணியில் சேர்ந்தார்கள். பல இனத்தவரும் கலந்திருந்த படை ஒருசார்பானதாயிற்று. ஆபத்து வந்தால் காவல் நிலையத்துக்கு ஓடலாம் என்ற எண்ணமும் பெரும் மக்கள் கூட்டத்துக்கு இல்லாமற்போயிற்று. பல்லாயிரம் பேர் ஓடியது ஐ.நா. முகாம்களின் வேலிக்குள்தான்.

அதுவரை ஐ.நா. பணிக்குழுவின் காவல் ஆலோசகர்கள் தேசியக் காவல்துறைக்குப் பயிற்சியும் அறிவுரையும் தந்துவந்தார்கள். 2014 மே மாதம் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2155ஆம் தீர்மானம், நாட்டைக் கட்டியெழுப்பும் அந்தப் பணியை விலக்கி, குடிமக்களைக் காப்பதையே முதல் கடமையாக்கியது. 2020 செப்டம்பர் முதல் அந்த முகாம்கள் பெரும்பாலானவை ஒன்றன்பின் ஒன்றாக அரசின் பொறுப்பில் உள்ள இடம்பெயர்ந்தோர் முகாம்களாக மாற்றப்பட்டபோது, பாதுகாப்பு மீண்டும் இதே காவல்துறையிடம் வந்தது. யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அந்தச் சீருடையே வாசலில் நிற்பதைக் கண்ட மக்களின் அச்சம் நியாயமானது.

காவல்துறைக்கு மேலே இன்னொரு படை

தேசியப் பாதுகாப்புப் பணி என்பது உளவு அமைப்பு. தகவல் திரட்டுதல், ஆராய்தல், உரியவர்களுக்கு அறிவுரை கூறுதல் ஆகியவற்றில் அது கவனம் செலுத்த வேண்டும் என்று அரசியலமைப்பு வரையறுக்கிறது. ஆனால் 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கைது, தேடுதல், காவலில் வைத்தல் ஆகிய அதிகாரங்களைத் தந்தது. ஜூபாவில் 'நீல மாளிகை' என்று மக்கள் அழைக்கும் அதன் தலைமையகம் தடுப்புக்காவலுக்குப் பெயர்பெற்றது. 2024 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் கையெழுத்தின்றியே சட்டமான திருத்தமும், பிடியாணை இல்லாமல் கைது செய்யும் அதிகாரத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

இதனால் வேலை பிரிந்துவிடுகிறது. அரசியல் முக்கியத்துவம் உள்ள கைதுகள் உளவு அமைப்பிடம். ஜோங்லே போன்ற மாநிலங்களில் ஆயிரக்கணக்கான ஆயுதமேந்திய இளைஞர்கள் பங்கேற்கும் மாட்டுக் கொள்ளைகள் ராணுவத்திடம், அல்லது எவரிடமும் இல்லை. எஞ்சியிருக்கும் திருட்டு, கைகலப்பு, குடும்பத் தகராறு, போக்குவரத்து, நகர ஊரடங்கு ஆகியவை காவல்துறையிடம். தொடக்கத்தில் எழுந்த குழப்பத்துக்கு இதுவே விடை.

2018 உடன்படிக்கையும் அதே பழைய வழியும்

2018 செப்டம்பர் 12 அன்று எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் கையெழுத்தான புதுப்பிக்கப்பட்ட அமைதி உடன்படிக்கை, கீர், மச்சார் ஆகிய இரு தரப்பு ஆட்களையும் கலந்து 83,000 பேர் கொண்ட ஒருங்கிணைந்த படைகளை உருவாக்கத் திட்டமிட்டது. ராணுவம், காவல்துறை, உளவு அமைப்பு, சிறை, வனவிலங்கு, தீயணைப்பு என எல்லாமே அந்த எண்ணிக்கைக்குள் அடங்கும். பயிற்சி முகாம்களில் உணவும் மருந்தும் இல்லாமல் பலர் வெளியேறினார்கள். 2022 ஆகஸ்ட் 30 அன்று ஜூபாவில் நடந்த முதல் நிறைவு விழாவில் 20,000க்கும் மேற்பட்டோர் அணிவகுத்தார்கள், ஐ.நா. ஆயுதத் தடை காரணமாகப் பலரின் கைகளில் இருந்தவை மரக்கட்டையால் செய்த துப்பாக்கிகள். அதன்பின் முதல் படைப்பிரிவைப் பணியிடத்துக்கு அனுப்ப ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று.

கட்டைத் துப்பாக்கிகள்தான் உலகச் செய்திகளில் பெரிதாக வந்தன. காவல்துறையைப் பற்றி அக்கறைப்படுபவர் கவனிக்க வேண்டியது வேறு. யார் ராணுவத்துக்கு, யார் காவல்துறைக்கு என்ற பிரிப்பு மீண்டும் போராளிகளின் தொகுப்பிலிருந்தே நடந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவரா, புலனாய்வுக்கு ஏற்றவரா என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. 2005இல் செய்த அதே ஏற்பாடு, அதே நியாயங்களோடு மறுபடியும் செய்யப்பட்டது.

இதைச் சரிசெய்யப் பயிற்சி முகாம்களைக் கூட்டுவதே போதும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. பயிற்சிகள் 2005 முதலே நடந்துள்ளன. முதலில் வேண்டியவை மூன்று:

1. ஆட்களை நேரில் எண்ணிச் சரிபார்த்து, சம்பளத்தை மேலதிகாரியின் கை வழியாக இல்லாமல் காவலரிடமே சேர்ப்பது.

2. முதிர்ந்த போராளிகளுக்கு ஓய்வூதியம் தந்து, அவர்களைக் காவல்துறைப் பட்டியலிலிருந்து மதிப்போடு விடுவிப்பது.

3. கைது செய்யும் அதிகாரத்தை உளவு அமைப்பிடமிருந்து எடுத்துக் காவல்துறையிடம் ஒப்படைப்பது.

மூன்றுக்கும் தனித்தனியே எதிர்ப்பு உண்டு. முதலாவதால் தளபதிகள் வருமானத்தை இழப்பார்கள். இரண்டாவதற்குப் பணம் இல்லை. மூன்றாவதை ஆட்சியில் இருப்பவர்கள் விரும்புவதில்லை.

2024 டிசம்பரில் நடக்கவிருந்த நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 2026 டிசம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, வாக்குச்சாவடிகளின் வாசலில் நிற்க வேண்டிய ஒருங்கிணைந்த படைகள் இன்னும் ஒருங்கிணையவில்லை என்பது.